கவிதைக்கு வைத்த பெயரை ஃபைலுக்கும் வைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர் இலக்கிய வட்டம் பதினான்கு வருஷமாக ஒரு காலாண்டிதழ் நடத்துகிறது. இதுவரை 56 இதழ்கள். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று எச்டிஎம்எல் கற்றுக்கொண்டு நானே பக்கங்கள் செய்கிறேன். மொத்தம் அறுநூறு படைப்புகள் வரும், நாற்பது ஏற்றியாகிவிட்டது. என் லேப்டாப்பில் ஏறக்குறைய எல்லா லிங்க்கும் திறக்கிறது. சர்வரில் ஏற்றினால் பாதி திறப்பதில்லை, முகப்புப் பக்கமும் வருவதில்லை. "பேர் வச்ச விதம் சரியில்ல தாத்தா" என்கிறாள் பேத்தி. ஃபைல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா? தமிழ் இதழுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பது மனசுக்கு உறுத்துகிறது. இதற்கென்று முறை ஏதாவது உண்டா? ஏற்றிய ஃபைல்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஐயா, வணக்கம். நாற்பது பெயர்களையும் வரிசையாகப் படித்தேன். பேத்தி சொன்னது சரிதான். லிங்க் திறக்காத சிக்கலை முதலில் முடித்துவிடுவோம், பெயர் வைக்கும் முறை அப்புறம்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ். 'கவிதை1' என்று ஆங்கில எழுத்தில் நீங்கள் வைத்த பெயரின் முதல் எழுத்து கேபிட்டலாக இருந்தாலும் ஸ்மாலாக இருந்தாலும் விண்டோஸுக்கு அது ஒரே ஃபைல். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள். நீங்கள் ஃபைலைக் கேபிட்டலில் சேமித்துவிட்டு லிங்க்கில் ஸ்மால் எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சர்வர் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்கிறது. மேக்கில் போட்டுப் பார்த்தாலும் இது பிடிபடாது, வழக்கமான அமைப்பில் மேக்கும் விண்டோஸைப் போலத்தான் நடந்துகொள்ளும். முகப்புப் பக்கம் வராததற்கும் இதுவே காரணம். ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் சர்வர் முதலில் தேடுவது ஸ்மால் எழுத்தில் எழுதிய 'இண்டெக்ஸ்' ஃபைலை. உங்களுடையது கேபிட்டலில் தொடங்குகிறது.

ஆகவே எல்லாமே ஸ்மால் எழுத்து, பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் பின்னொட்டும்கூட. உங்கள் பட்டியலில் சில ஃபைல்கள் 'எச்டிஎம்' என்றும் சில 'எச்டிஎம்எல்' என்றும் முடிகின்றன. பழைய டாஸ் காலத்தில் பின்னொட்டுக்கு மூன்று எழுத்துதான் இடம். அந்த மூன்றெழுத்து வடிவம் அங்கிருந்து வந்தது. இரண்டும் வேலை செய்யும், ஆனால் கலந்து வைத்தால் லிங்க் எழுதும்போதெல்லாம் எது என்று யோசிக்க வேண்டியிருக்கும். நான்கெழுத்தையே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பின்னொட்டை மறைத்துவைக்கும் அமைப்பையும் நீக்கிவிடுங்கள். அது இருப்பதால்தான் இரண்டு ஃபைல்களின் நுனியில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருப்பது உங்கள் கண்ணில் படவில்லை.

அடுத்து, இடைவெளி. 'புது கவிதை' என்று நடுவில் இடம் விட்ட பெயரை உலாவி முகவரியாக அனுப்பும்போது அந்த இடத்தில் சதவீதக் குறியும் 20-ம் போட்டுக்கொள்ளும். அது பரவாயில்லை. யாராவது அந்த முகவரியைக் கையால் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் சிக்கல். லிங்க் 'புது'வோடு முடிந்துவிடும், 'கவிதை' வெறும் எழுத்தாக நிற்கும். மூன்று பெயர்களில் இதழ் எண்ணுக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டிருக்கிறீர்கள். நோட்டில் எழுதும் பழக்கம் அது. ஆனால் முகவரியில் ஹேஷுக்குப் பின்னால் வருவது பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் குறிப்பது; உலாவி அந்தப் பகுதியைச் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. கேள்விக்குறிக்கும் முகவரியில் தனி வேலை உண்டு. இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வதைவிட, ஸ்மால் எழுத்து, எண், ஹைஃபன் இந்த மூன்றைத் தவிர வேறெதையும் பெயரில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிடுவது சுலபம். ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர் போடலாமே என்பார்கள். லிங்க்குக்கு அடியில் கோடு விழும்போது அண்டர்ஸ்கோர் அதற்குள் மறைந்துபோகும், பார்த்து எழுதுகிறவர் இடைவெளி என்று நினைத்துக்கொள்வார். கூகுளும் சொற்களைப் பிரிக்க ஹைஃபனைத்தான் பரிந்துரைக்கிறது.

இனி உங்கள் மனசை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். தமிழில் பெயர் வைக்க முடியும். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை முகவரிகள் தமிழில்தான் இருக்கின்றன. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழில் முடியும் இணைய முகவரிகளே இருக்கின்றன. ஆகவே தமிழ் அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இருந்தும், பல வருஷம் நிற்க வேண்டிய, கையால் பராமரிக்கும் ஓர் இதழ்த் தொகுப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதற்குப் பின் இரண்டு எழுத்து அல்லது எண் என்று மூன்றாக விரியும். ஆக 'தமிழ்' 45 எழுத்தாகிவிடும். 'சிலப்பதிகாரம்' 117. உலாவியின் முகவரிப் பட்டியில் அழகாகத் தமிழில் தெரியும் அதே முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் நான்கைந்து வரிக்குச் சதவீதக் குறியாக வந்து விழுவது இதனால்தான். அதைப் பார்த்து, ஏதோ வைரஸ் லிங்க் என்று தொடாமல் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீளம்கூடப் பெரிய குறை இல்லை. நாளைக்கு உங்களுக்குப் பின்னால் யாராவது இந்தத் தொகுப்பை வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளுக்கு மாற்றலாம். அது ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் ஒதுக்குகிறது. தமிழை விரித்த வடிவத்தில் சேமிப்பதால் 22 குறிகளோடு பெயர் வெட்டுப்படும். 'சிலப்பதிகாரம்' ஒன்றே 13 குறி என்றால், நான்கு சொல் தலைப்பு என்னவாகும் என்று பாருங்கள். கூகுளின் வலைப்பூ சேவையான பிளாகர் இன்னொரு வகை. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அதை முகவரிக்கு எடுத்துக்கொள்ளாமல் 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுப்பெயர் போட்டு, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். தமிழில் வலைப்பூ எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இப்படி இரு வழி உண்டு. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பழைய மேக் கணினிகள் ஃபைல் பெயரைச் சேமிக்கும்போது இப்படிப்பட்ட எழுத்துகளைத் தாமாகவே இரண்டாகப் பிரித்துவிடும். உங்கள் இதழை வடிவமைப்பவர் மேக் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் 'கொற்றவை' என்று சேமித்து அனுப்பிய ஃபைலும், நீங்கள் லிங்க்கில் தட்டிய 'கொற்றவை'யும் சர்வருக்கு இரண்டு வேறு பெயர்களாகப் போய்விடலாம். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் பிழையே அங்கே இல்லை. இதைத் தேடி நான் முழு நாட்களைக் கழித்திருக்கிறேன். 'ஸ்ரீ' இன்னொரு தொல்லை. அடியில் ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். ஔவையாருக்கு நேர்வது உங்களுக்கே தெரிந்திருக்கும்: பாதிப்பேர் ஔகாரத்தை ஒற்றை எழுத்தாக அடிக்காமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து 'ஒளவை' ஆக்கிவிடுகிறார்கள். கட்டுரைக்குள் இது எழுத்துப்பிழை, படிக்கிறவர் புரிந்துகொள்வார். முகவரிக்குள் இருந்தால் பக்கமே திறக்காது.

சரி, அப்படியானால் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களா? உங்கள் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே குறை, எழுத்துக்கூட்டல். திருக்குறள் என்று எழுத வேண்டும். டி மட்டுமா, டி-க்குப் பின் எச் உண்டா? நடுவில் கே ஒன்றா, இரண்டா? நீங்களே 'கவிதை'யை இரண்டு வகையாகக் கூட்டியிருக்கிறீர்கள், ஒன்றில் டி-எச், ஒன்றில் டி. 'இதழ்' என்ற சொல்லுக்கு மூன்று வடிவங்களை எண்ணினேன். ஊர்ப்பெயர்கள் இன்னும் மோசம். தமிழ்நாடு அரசு 2020-ல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய கூட்டல்களைப் பற்றி ஏகப்பட்ட வாதம் எழுந்து, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓர் அரசே உட்கார்ந்து செய்தும் ஒப்புக்கொள்ள முடியாத விஷயம் இது. அறுநூறு ஃபைல்களுக்கு ஒரே சீராகச் செய்வது தனி ஆளால் ஆகாது, நீங்கள் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும்.

நான் சொல்லப்போவது எண். கவிதைக்கு எண்ணா என்று நினைக்க வேண்டாம். நாற்பது வருஷம் தமிழ் கற்பித்தவரிடம் 'புறநானூறு 192' என்றால் போதும், பாட்டு நாவில் வந்துவிடும். 'குறள் 391' என்றால் அதிகாரமே கண்முன் நிற்கும். அந்தப் பாடல்களை நாம் தலைப்பால் தேடுவதில்லை, எண்ணால்தான் குறிப்பிடுகிறோம். நம் படிப்பு மரபிலேயே ஊறிய வழக்கம் அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களுக்கு இதையே செய்தது. திருக்குறளின் ஃபைலுக்குத் திருக்குறள் என்று பெயர் இல்லை. திட்டத்தைக் குறிக்கும் ஒரு சிறு முன்னொட்டு, அப்புறம் நான்கு இலக்கத்தில் 0001. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் வந்த நூல்கள் பின்னால் யூனிகோடுக்கு மாறின. அப்போதும் எண் மாறவில்லை. ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டத்திலும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. எண் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. உங்கள் உறுத்தலுக்கும் அது பதில் என்று நினைக்கிறேன்.

எந்த எண்? புதிதாக ஒன்றும் உண்டாக்க வேண்டாம், உங்கள் அச்சு இதழிலேயே இருக்கிறது. இதழ் எண்ணும், படைப்பு தொடங்கும் பக்க எண்ணும். 23-வது இதழில் 14-ம் பக்கத்தில் தொடங்கும் கவிதை என்றால் ஃபோல்டர் 023, ஃபைல் 014. அதே பக்கத்தில் இன்னொரு குட்டிக் கவிதை இருந்தால் 014-2. அச்சிதழை வைத்திருக்கும் யாரும் முகவரியை ஊகித்துவிடலாம். முகவரியைப் பார்த்து அச்சிதழையும் எடுத்துப் புரட்டலாம். கவிஞர் தலைப்பை மாற்றினாலும், தொகுப்பில் சேர்க்கும்போது திருத்தினாலும், அந்த இதழில் அந்தப் பக்கத்தில் அது வந்தது என்பது மாறவே மாறாது.

மூன்று இலக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் லேப்டாப் 1, 2, 10 என்று சரியான வரிசையில் காட்டும். சர்வரின் பட்டியலில் பெரும்பாலும் 1, 10, 11, 2 என்றுதான் வரும், எண்ணை எழுத்தாகப் பார்ப்பதால். முன்னால் பூஜ்யம் போட்டால் எங்கும் ஒரே வரிசை. இரண்டு இலக்கம் இப்போதைக்குப் போதும், ஆனால் வருஷத்துக்கு நான்கு என்றால் இன்னும் பதினோரு வருஷத்தில் உங்கள் நூறாவது இதழ் வந்துவிடும். அது வர வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு இடம் வைத்துத் தொடங்குங்கள். பொங்கல் மலர் 120 பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பக்கத்துக்கும் மூன்று இலக்கம் வேண்டும்.

ஃபோல்டருக்கு மாதத்தையும் வருஷத்தையும் பெயராக வைக்கலாமே என்று தோன்றலாம். செய்தித்தளத்துக்கு அது நல்லது. சிற்றிதழுக்கு வேண்டாம். ஜூலை இதழ் அக்டோபரில் வருவதும், இரண்டு இதழைச் சேர்த்து ஒன்றாகப் போடுவதும் சிற்றிதழ் நடத்தும் எல்லோருக்கும் நடப்பது. அட்டையில் ஒரு மாதம், உண்மையில் வந்தது வேறு மாதம் என்றால் எதை வைப்பீர்கள்? எண்ணில் அந்தக் குழப்பம் வராது. உங்கள் 31-32 இரட்டை இதழை 031 ஃபோல்டரில் வையுங்கள், 032-ல் 'இந்த இதழ் முந்தைய இதழோடு சேர்ந்து வந்தது' என்று ஒரு வரியும் லிங்க்கும் உள்ள ஒரே பக்கம் போதும். கூட்டங்கள், நூல் வெளியீடுகள் பற்றிய பக்கங்களுக்கு மட்டும் தேதி பொருந்தும். அங்கே வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2019-08-11. நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதத்து 11-ம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

'கவிதை', 'கட்டுரை', 'சிறுகதை' என்று ஃபோல்டர் பிரித்திருக்கிறீர்கள். அதைக் கலைத்துவிடுங்கள். நாற்பதுக்குள்ளேயே ஒரு படைப்பு இரண்டு ஃபோல்டரில் இருக்கிறது, கட்டுரையா சிறுகதையா என்று முடிவுசெய்ய முடியாமல். வகைப்பாடு நம் கருத்து, அது மாறும். அதை முகவரியில் பூட்டாமல், கவிதைகள் எல்லாவற்றுக்கும் லிங்க் தரும் ஒரு பட்டியல் பக்கமாக வையுங்கள். ஒரு படைப்பு மூன்று பட்டியலில் இருந்தாலும் கெடுதல் இல்லை. 'புது', 'ஃபைனல்', 'ஃபைனல்2' என்ற பெயர்களும் இதே காரணத்துக்காகப் போக வேண்டும். ஒரு பெயரை வைக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதில் எந்தப் பகுதி பத்து வருஷத்தில் பொய்யாகும்? அதை எடுத்துவிடுவேன்.

எழுத்தாளர் பக்கங்களுக்கு மட்டும் எண் வேண்டாம். அவர்களிடமே கேளுங்கள், ஆங்கிலத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று. அந்தக் கூட்டலையே வைத்து, ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

தமிழ் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்புக் குறியிலும் (எச்டிஎம்எல்லின் 'டைட்டில்') முதல் தலைப்பு வரியிலும் கவிதையின் பெயர், கவிஞர் பெயர், இதழ் எண் எல்லாம் தமிழில் முழுசாக இருக்கட்டும். உலாவியின் மேல்பட்டையிலும், கூகுள் முடிவிலும், வாட்ஸ்அப்பில் லிங்க்கோடு வரும் சின்னப் பெட்டியிலும் பெரும்பாலும் தெரிவது அந்தத் தலைப்புதான். தேடலில் ஃபைல் பெயருக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. இப்போது உங்கள் பக்கங்களில் பாதிக்குத் தலைப்புக் குறியே இல்லை. ஃபைல் பெயரைவிட அதற்குத்தான் அவசரம்.

பெயர்களை மாற்றும் முன் ஒரு சம்பவம். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறு பதிப்பகத்தின் தளத்தைச் சீரமைத்தேன். பெயர்கள் தாறுமாறாக இருந்தன. ஒரே இரவில் முந்நூறு பக்கங்களின் பெயரையும் மாற்றினேன், உள்ளே இருந்த லிங்க்குகளை எல்லாம் சரிசெய்தேன், திருப்தியாகத் தூங்கப்போனேன். சில மாதம் கழித்து ஓர் ஆய்வு மாணவி எழுதினார். அவர் சமர்ப்பித்துவிட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் அந்தத் தளத்தின் பன்னிரண்டு முகவரிகள் அச்சாகியிருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. வெளியே கொடுத்த முகவரி நம்முடையது மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பன்னிரண்டையும் மீட்டுக்கொடுத்தேன். மற்றவற்றை எத்தனை பேர் குறித்துவைத்திருந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. உலகின் முதல் வலைப்பக்கத்தை 2013-ல் செர்ன் ஆய்வகம் மறுபடி வைத்தபோது அதன் பழைய முகவரியிலேயே வைத்தது. அந்த முகவரியில் கேபிட்டலும் ஸ்மாலும் கலந்துதான் இருக்கின்றன, இன்றைக்கு யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். இருந்தாலும் அதை அப்படியே விட்டார்கள்.

உங்கள் நாற்பது பக்கங்களும் ஏற்கெனவே வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டன. ஆகவே பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் அப்பாச்சி என்றால், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'எச்டி-ஆக்சஸ்' என்ற ஃபைல் இருக்கும், இல்லாவிட்டால் உண்டாக்கலாம். அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி: 'ரீடைரக்ட்', 301, பழைய முகவரி, புதிய முகவரி. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். கூகுளும் அதைப் புரிந்துகொண்டு புதிய முகவரிக்கு மாறிக்கொள்ளும். ஹேஷ் குறி போட்ட மூன்றை மட்டும் இப்படித் திருப்ப முடியாது, அவை முன்பும் திறந்ததில்லை. இடைவெளி உள்ள பழைய முகவரியை மேற்கோள்குறிக்குள் எழுத வேண்டும். வரிகளை எழுதப் பேத்தியை உட்கார வையுங்கள், ஒரு மாலை வேலை.

அறுநூறையும் ஏற்றும்வரை ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். இதழ், பக்கம், தலைப்பு, ஆசிரியர், ஏற்றிய தேதி. எண்ணால் பெயர் வைக்கிறவருக்கு அது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் 023-க்குள் 014 என்ன கவிதை என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். படங்களும் அதே வழியில் போகட்டும். வாட்ஸ்அப்பில் வந்த பெயரோடு அப்படியே ஏற்றாமல், 014-ம் பக்கத்தின் முதல் படம் என்றால் 014, ஹைஃபன், படத்தைக் குறிக்க ஒரு ஸ்மால் எழுத்து, 1 என்று சேர்த்தால் போதும்.

விண்டோஸில் கேபிட்டலை ஸ்மாலாக மாற்றி ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சர்வரில் பழைய கேபிட்டல் ஃபைல் போகாமல் பக்கத்திலேயே இருக்கும். திருப்பும் வரிகளை எழுதியதும் அவற்றை அழித்துவிடுங்கள். முதல் இதழை மட்டும் 001 ஃபோல்டரில் வைத்துவிட்டு முகவரியை எனக்கு அனுப்புங்கள். லிங்க்குகளை எல்லாம் ஒரு முறை சோதித்துச் சொல்கிறேன், அதற்கு அப்புறம் மற்ற 55-ஐத் தொடங்கலாம்.